லெவல் 15 பார்ட்டிய எப்படித் திணற வைக்கறது: இருக்கற வழிகளும் என் தேர்வும்

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டி ஆடற கதை விளையாட்டு) ஃபிஃப்த் எடிஷன்ல கேம்ப்பெயின் (செஷன் செஷனா ஓடற தொடர் கதை) லெவல் 12, 13ஐ தாண்டிடுச்சுன்னா டிஎம் சீட்ல, அதாவது கதையையும் எதிரிங்களையும் நடத்தறவர் சீட்ல, உக்காந்திருக்கற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்துடும்: பார்ட்டி (பிளேயருங்களோட கேரக்டர் குழு) எல்லாத்தையும் ஊதித் தள்ளிட்டுப் போகுது, வாரம் முழுக்க யோசிச்சு வச்ச பாஸ் ரெண்டாவது ரவுண்ட்ல செத்துப்போறான், இதுக்கு மேல என்னதான் பண்றது? கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பெரிய மான்ஸ்டர் போடுங்கறாங்க, நிறைய மான்ஸ்டர் போடுங்கறாங்க, ரெஸ்ட் எடுக்க விடாதீங்கங்கறாங்க, அந்த ஸ்பெல்லையே பேன் பண்ணிடுங்கறாங்க. எல்லாமே ஏதோ ஒரு டேபிள்ல வேலை செஞ்சதுதான், பொய் இல்ல. ஆனா ஒவ்வொண்ணுலயும் டிஎம்முக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கு, பிளேயருக்கு ஒரு இழப்பு இருக்கு, அத பாக்காம எடுத்தா ஃபைட் கஷ்டமாகும், கேம் நல்லாகாது. நான் சொல்ற நம்பர் எல்லாம் 2014 ரூல்ஸ்ல இருந்து, 2024ல மாறினதுல சிலத மட்டும் அங்கங்க சொல்றேன்.

முதல்ல பார்ட்டியோட பலம்னா என்னன்னு பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு அடிக்கற பலம். ஃபைட்டருக்கு லெவல் 11லேர்ந்து ஒரு ஆக்‌ஷனுக்கு மூணு அட்டாக், ஆக்‌ஷன் சர்ஜ் போட்டா ஆறு, பாலடினோட (புனித வீரன்) ஸ்மைட், ரோக்கோட (மறைஞ்சு அடிக்கற ஆள்) ஸ்னீக் அட்டாக், இதெல்லாம். இன்னொண்ணு தாண்டிப் போற பலம், அதாவது நீங்க வச்ச பிரச்சனைய தொடாமலே அந்தப் பக்கம் போய் நிக்கறது. லெவல் 9ல கிளெரிக்குக்கு (பூசாரி) செத்தவன எழுப்பற ரைஸ் டெட்டும் தூரத்துல இருந்தே வேவு பாக்கற ஸ்க்ரையிங்கும் வந்துடும், லெவல் 13ல விசார்டுக்கு (மந்திரவாதி) டெலிபோர்ட், வேற உலகத்துக்குப் போற ப்ளேன் ஷிஃப்ட், எதிரிய கூண்டுல அடைக்கற ஃபோர்ஸ்கேஜ், லெவல் 17ல கேட்டத நடத்தற விஷ். ரோக்குக்கு லெவல் 11ல ரிலையபிள் டேலண்ட், தேர்ச்சி இருக்கற செக்ல டைஸ்ல 2 விழுந்தாலும் 10ன்னு எடுத்துக்கலாம். பாலைவனத்த பத்து நாள்ல கடக்கணும்னு நீங்க எழுதி வச்சிருப்பீங்க, அவங்க ஒரே ஸ்பெல்ல போயிடுவாங்க, கொலைகாரன் யாருன்னு துப்பு தேட விடுவீங்க, அவங்க ஸ்பீக் வித் டெட் போட்டு செத்தவன்கிட்டயே கேட்டுடுவாங்க. பொதுவா கிடைக்கற அட்வைஸ் முக்கால்வாசி முதல் வகைக்குத்தான் பதில் சொல்லுது, ஆனா ஹை லெவல்ல அட்வென்ச்சர உடைக்கறது ரெண்டாவது வகைதான், இத மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு வழியா பாப்போம்.

பெரிய மான்ஸ்டர் போடறது. எல்லாரும் முதல்ல கை வைக்கற இடம் இதுதான். நாலு பேர் பார்ட்டி, லெவல் 15, ஃபைட்டர் பாலடின் ரோக் விசார்ட்னு வச்சுக்கோங்க. எதிர்ல அடல்ட் ரெட் டிராகன், சிஆர் (மான்ஸ்டரோட பல அளவு) 17, ஏசி (அடி படறதுக்கு எட்ட வேண்டிய நம்பர்) 19, 256 ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு). புத்தகக் கணக்குப்படி 18,000 எக்ஸ்பி (ஃபைட்டோட கஷ்டத்தையும் அளக்கற அனுபவப் புள்ளி), இந்தப் பார்ட்டிக்கு ஹார்டுங்கற எல்லை 17,200, அத லேசா தாண்டற ஃபைட். டிராகன் தரையில நிக்குதுன்னு வச்சு ஒரே ஒரு ரவுண்டுக்கு கணக்கு போடுங்க. ஃபைட்டர்கிட்ட கிரேட்ஸ்வோர்டும் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டும் (கூடுதல் திறமை) இருக்கு, ஆக்‌ஷன் சர்ஜோட ஆறு அட்டாக்ல நாலு பட்டா ஒண்ணுக்கு சராசரி 22, ஆக 88. பாலடின் ரெண்டு அடியும் பட்டு ரெண்டுலயும் நாலாம் லெவல் ஸ்லாட்ட (ரெஸ்ட் எடுக்கற வரைக்கும் இத்தனைதான்னு இருக்கற மந்திர சக்தி) போட்டு ஸ்மைட் பண்ணா 73 கிட்ட. ரோக் ஸ்னீக் அட்டாக் 8டி6 (ஆறு பக்க டைஸ் எட்டு), ஆயுதத்தோட சேத்து 37. விசார்ட் டர்ன் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள 198 போயிடுச்சு. மிச்சம் 58ஐ வச்சுக்கிட்டு அந்த டிராகன் என்ன பண்ணும்?

சரி அப்ப ஏன்ஷியன்ட் போடலாம்னு தோணும். ஏன்ஷியன்ட் ரெட் டிராகன் சிஆர் 24, 546 ஹிட் பாயிண்ட், ஏசி 22, ஃபயர் பிரெத் 26டி6, சராசரி 91. கான்ஸ்டிட்யூஷன் 14 வச்சிருக்கற லெவல் 15 விசார்டோட சராசரி ஹிட் பாயிண்ட் 92. ஒரு சேவ் (ஆபத்துலேர்ந்து தப்பிக்கப் போடற ரோல்) ஃபெயில் ஆனா ஆள் கீழ, இல்லன்னா கீழ விழற ஓரத்துல. ஃபைட்டர் 139 வச்சிருந்தாலும் அந்த சேவோட டிசி (எட்ட வேண்டிய நம்பர்) 24, டெக்ஸ்டெரிட்டி சேவ் பிளஸ் 1 வச்சிருக்கறவன் 20 போட்டாலும் 21தான், அவனால முடியவே முடியாது, பாலடினோட ஆராவுக்குள்ள (பக்கத்துல நிக்கறவங்க சேவ ஏத்தற வட்டம்) நின்னாதான் ஏதோ ஒரு வாய்ப்பு. அதாவது நம்பர ஏத்திக்கிட்டே போனா ஈசியான ஃபைட்டுக்கும் எல்லாரும் சாகற ஃபைட்டுக்கும் நடுவுல இருந்த இடம் காணாம போயிடுது. டைஸ் எப்படி விழுதுங்கறது மட்டும்தான் முடிவு பண்ணும், பிளேயர் என்ன யோசிச்சாங்கங்கறதுக்கு மதிப்பு குறைஞ்சுடும். ஹிட் பாயிண்ட மட்டும் ரெண்டு மடங்கு ஆக்கினாலும் அதே மாதிரிதான், ஃபைட் நீளுமே தவிர மூணாவது ரவுண்ட்ல பண்ணதையேதான் அஞ்சாவது ரவுண்ட்லயும் பண்ணுவாங்க.

இதோட இன்னொரு பக்கம், தனியா நிக்கற எந்தப் பெரிய மான்ஸ்டருக்கும் ஆக்‌ஷன் எகானமி, அதாவது ஒரு ரவுண்ட்ல எந்தப் பக்கத்துக்கு எத்தனை ஆக்‌ஷன்ங்கற கணக்கு, எதிரா இருக்கு. லெஜண்டரி ஆக்‌ஷன், அதாவது மத்தவங்க டர்ன் முடிஞ்சதும் மான்ஸ்டருக்குக் கிடைக்கற கூடுதல் ஆக்‌ஷன், டர்ன் வரிசையில 20ல அதோட இருப்பிடமே பண்ற லேர் ஆக்‌ஷன் எல்லாம் அதுக்காகத்தான் வந்தது, உதவும்தான், ஆனா போதாது. டாரஸ்க்ங்கற ராட்சத மிருகம் சிஆர் 30, 676 ஹிட் பாயிண்ட், ஆனா 2014 ரூல்ஸ்ல அதுக்குப் பறக்கவும் தெரியாது, தூரத்துல இருந்து அடிக்கவும் தெரியாது, பறக்கற ஒருத்தர் மேஜிக் வில்லோட இருந்தா நேரம் எடுத்தாவது முடிச்சுடுவார். 2024ல அதுக்கு தூரத்துல அடிக்கற ஒரு தாக்குதல் குடுத்திருக்காங்க, நல்ல வேலை.

லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (ஃபெயில் ஆன சேவ ஜெயிச்சதா மான்ஸ்டர் மாத்திக்கறது) பத்தியும் சொல்லணும், விசார்டோட பெரிய ஸ்பெல்ல மூணு தடவ சும்மா இல்லன்னு சொல்றது அந்தப் பிளேயருக்கு நிஜமாவே வலிக்குது, அவரோட மூணு டர்ன் காத்துல போன மாதிரி. எனக்குப் பிடிச்ச ஹவுஸ் ரூல் என்னன்னா ஒவ்வொரு தடவ அத யூஸ் பண்ணும்போதும் மான்ஸ்டர் எதையாவது இழக்கணும், செதில் உடைஞ்சு ஏசி ரெண்டு குறையறது, ஒரு றெக்கை கிழிஞ்சு பறக்கற வேகம் பாதியாகறது, இந்த மாதிரி. அப்ப ஸ்பெல் வேலை செய்யலன்னாலும் டர்ன் வேஸ்ட் இல்ல.

பெரிய மான்ஸ்டர் வழிய நான் ஒதுக்கல, கேம்ப்பெயினோட கடைசி ஃபைட்டுக்கு அது வேணும், அதுவும் ரெண்டு கட்டமா பிரிச்சு, முதல் கட்டம் முடிஞ்சதும் நிக்கற இடமே மாறிடற மாதிரி வச்சா ரொம்ப நல்லா வரும் (2020ல வந்த மித்திக் மான்ஸ்டர் ரூல் இந்த யோசனைதான்). வாரா வாரம் இதையே பண்ணா தாங்காது. இதே மாதிரி இன்னொரு கேமான பாத்ஃபைண்டர் ரெண்டாம் எடிஷன் ஆடறவங்களுக்கு இது வேற கதை, 2019ல வந்த அந்த சிஸ்டத்துல தேர்ச்சி இருக்கற எல்லாத்துலயும் லெவல் கூடுது, ஏசிய பத்து தாண்டி அடிச்சா கிரிட்டிகல், அதனால பார்ட்டிய விட மூணு நாலு லெவல் மேல இருக்கற ஒத்த பாஸ் நிஜமாவே கதற விடுவான். அங்க நம்பர நம்பலாம்.

நிறைய எதிரிங்கள போடறது. இது ஃபிஃப்த் எடிஷனுக்கு நல்லாவே பொருந்தற வழி, ஏன்னா இங்க ஏசி ரொம்ப மேல போகாது. பிளஸ் 5 வச்சிருக்கற சாதாரண வில்லாளி கூட ஏசி 20ஐ 30 சதவீதம் அடிச்சுடுவான், 20 பேர் நின்னா ரவுண்டுக்கு ஆறு அம்பு படும், ஒவ்வொரு அம்புக்கும் விசார்ட் கான்சன்ட்ரேஷன் (ஓடற ஸ்பெல்ல நிக்காம வச்சுக்கற கவனம்) சேவ் போடணும். அந்த சேவ்தான் இங்க முக்கியம், டேமேஜ் இல்ல. ஹை லெவல் விசார்டோட பாதி பலம் ஏதோ ஒரு கான்சன்ட்ரேஷன் ஸ்பெல்லுல நிக்குது, அத ஆட்டிக்கிட்டே இருக்கற பத்து சின்ன ஆளுங்க ஒரு பெரிய ஆள விட நல்லா வேலை செய்வாங்க. ஃபயர்பால் விழும்னு தெரியும், அதனால கொத்தா நிக்க வைக்காதீங்க, மேல மூணு பேர், பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலு பேர், தூணுக்குப் பின்னாடி ரெண்டு பேர்னு பரப்புங்க. 2008ல வந்த ஃபோர்த் எடிஷன்ல மினியன்னு ஒரு வகை இருந்துச்சு, ஒரே ஒரு ஹிட் பாயிண்ட், அடிபட்டா காலி, ஆனா அவன் அடிச்சா வலிக்கும், அத இங்க கொண்டு வந்தா டிஎம்முக்கு கணக்கு எழுதற வேலை பாதியா குறையும். குறை என்னன்னா நேரம். 20 பேருக்கும் தனித்தனியா டைஸ் போட்டா டேபிள் தூங்கிடும், கும்பலா ஒரே ரோல் போடணும். அதோட தாண்டிப் போற பலத்துக்கு இது பதிலே சொல்லாது, வெளிய 200 பேர் காவல் நின்னாலும் பார்ட்டி நேரா உள்ள வந்து இறங்கிடும்.

ரெஸ்ட் குடுக்காம களைப்படைய வைக்கறது. ரெஸ்ட் எடுத்தாதான் செலவான ஸ்பெல்லும் ஹிட் பாயிண்டும் திரும்ப வரும். 2014 டிஎம் கைட்ல ஒரு நாளைக்கு ஆறுலேர்ந்து எட்டு மீடியம் அல்லது ஹார்டு என்கவுன்ட்டர் (மோதல்), நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட்னு கணக்கு வச்சிருக்காங்க. இந்த சிஸ்டத்தோட பேலன்ஸ் முழுக்க அதுமேல நிக்குது, ஆனா லெவல் 15ல ஒரு ஃபைட்டே ஒரு செஷன சாப்பிட்டுடும், ஆறு ஃபைட்டுன்னா ஆட்டத்துல ஒரு நாள் முடிய நிஜத்துல ரெண்டு மாசம் ஆகும். அதனால பெரும்பாலும் நாளைக்கு ஒரு ஃபைட்டுன்னு ஆயிடுது, விசார்ட் எல்லாத்தையும் முதல் மூணு ரவுண்ட்லயே கொட்டிடறார், அப்புறம் பார்ட்டி ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்குன்னு நாம புலம்பறோம். கிரிட்டி ரியலிசம்னு ஒரு வேரியன்ட் இருக்கு, ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள், கதை மெதுவா நகர்ற கேம்ப்பெயின்ல இது ரொம்ப அழகா உக்காரும், நான் தாராளமா ரெக்கமண்ட் பண்ணுவேன், ஆனா கேம்ப்பெயின் ஆரம்பத்துலயே சொல்லி வைக்கணும். நடுவுல கொண்டு வந்தா பிளேயருக்கு அது தண்டனையாதான் தெரியும். அதே சமயம் இது எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்காது, ரோக்குக்கு ரெஸ்டே வேணாம், வார்லாக்குக்கு ஷார்ட் ரெஸ்ட் போதும், அடி வாங்கறது லாங் ரெஸ்ட நம்பி இருக்கற விசார்டும் பாலடினும்தான். உங்க டேபிள்ல அவங்கதான் பிரச்சனைன்னா இது சரியான வழி. அப்புறம் வெறுமனே நாளைக்கு எட்டு ஃபைட் எழுதி வச்சா மட்டும் போதாது, டைனி ஹட் மூணாம் லெவல் ஸ்பெல், எட்டு மணி நேரம் உள்ள யாரும் வர முடியாது, மேன்ஷன் போட்டா வேற உலகத்துலயே போய் படுத்துடுவாங்க. படுத்தா என்ன போயிடும்ங்கற காரணம் ஒண்ணு இல்லாம களைப்புங்கறதே வராது, இந்த இடத்துக்குத்தான் கடைசில திரும்பி வரப்போறோம்.

எதிரிய புத்திசாலியா ஆடறது. லிச்ச (செத்தும் சாகாத மந்திரவாதி) எடுத்துக்கோங்க, சிஆர் 21, ஆனா ஹிட் பாயிண்ட் வெறும் 135, ஏசி 17, மேல போட்ட கணக்குப்படி நேருக்கு நேர் நின்னா முதல் ரவுண்ட தாண்டாது. அத வெறும் நம்பர் பட்டியலா, ஒரு ஸ்டாட் பிளாக்கா ஆடினா அசிங்கமா சாகும், நூத்துக்கணக்கான வருஷம் உயிரோட இருந்த ஒரு ஆளா ஆடினா பார்ட்டிக்கு ஒரு கேம்ப்பெயின் முழுக்க தலைவலி. அது பார்ட்டி முன்னாடி நேர்ல வராது, தன்னோட மந்திர நகலான சிமுலாக்ரம அனுப்பும், முதல் ஃபைட்ட வேவு பாக்க மட்டும் நடத்தும், அடுத்தவர் ஸ்பெல்ல முறிக்கற கவுன்டர்ஸ்பெல்லோட 60 அடி எல்லைக்கு வெளிய நின்னு ஸ்பெல் போடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது, ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு, டிஎம்முக்கு தெரிஞ்சது எல்லாம் எதிரிக்கும் தெரிஞ்சுடுது. பாலடினோட சேவ் ஆரா 10 அடின்னு உங்களுக்குத் தெரியும், எதிர்ல நிக்கற ஆர்க் தலைவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு எதிரிக்கு பார்ட்டிய பத்தி என்ன தெரியும், எப்படித் தெரியும்னு பேப்பர்ல எழுதி வைங்க, தப்பிச்சுப் போன ஒருத்தன், வேவு பாத்த ஒரு பறவை, சந்தையில பாட்டா பாடற கதைனு ஏதாவது ஒண்ணு. அந்த வழிய பார்ட்டி கண்டுபிடிச்சு அடைக்கவோ அதுலயே பொய்ச் செய்தி அனுப்பவோ முடியணும். அப்படி முடிஞ்சா எதிரியோட புத்தி நியாயமா தெரியும், முடியலன்னா டிஎம் ஏமாத்தற மாதிரி தெரியும்.

பலத்தப் பறிக்கறது. ஆன்டிமேஜிக் ஃபீல்ட் (மந்திரம் வேலை செய்யாத இடம்), பல கண் மான்ஸ்டரான பிஹோல்டரோட 150 அடி ஆன்டிமேஜிக் கோன், டெலிபோர்ட் ஆகாத கோட்டை, பறக்க முடியாத குகை, சில ஸ்பெல்லுக்குத் தடை. ஒரு ரூம்ல, ஒரு ஃபைட்ல இது அருமையா இருக்கும், பிஹோல்டர் கண்ண எந்தப் பக்கம் திருப்புதுன்னு பாத்து பாத்து நகர்றது ஒரு தனி ருசி, அந்தக் கோனுக்குள்ள அதோட மத்த கண்ணும் வேலை செய்யாதுங்கறதால அதுவே ஒரு புதிர். ஆனா ஒவ்வொரு வில்லன் வீடும் டெலிபோர்ட் ஆகாத வீடா இருந்தா, அந்த ஸ்பெல்லுக்காக 13 லெவல் காத்திருந்த பிளேயர்கிட்ட நாம என்ன சொல்றோம்? அவங்க வாங்கினத அவங்களுக்கே இல்லன்னு ஆக்கறோம். இந்த வழிய பழக்கமா வச்சுக்கறத நான் முழுசா எதிர்க்கறேன். உடைஞ்ச ஸ்பெல்னு நிஜமாவே சிலது இருக்கு, 2014 ஃபோர்ஸ்கேஜுக்கு கான்சன்ட்ரேஷனும் வேணாம், டெலிபோர்ட் தெரியாத மான்ஸ்டர்னா மாட்டினா மாட்டினதுதான், 2024ல அதுக்கு கான்சன்ட்ரேஷன் சேத்துட்டாங்க, அந்த மாதிரி மாத்தத்த பிளேயரோட பேசி எடுத்துக்கிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. லெவல் என்னவா இருந்தாலும் கொல்ற பொறிங்களும் இந்த வகைதான். 1975ல ஆரிஜின்ஸ் மாநாட்டுல டி அண்ட் டிய உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் போட்டிக்கு வச்ச டோம்ப் ஆஃப் ஹாரர்ஸ் அட்வென்ச்சர்ல கை விட்டா கை இருக்காது, உள்ள நுழைஞ்சா ஆளே இருக்க மாட்டாங்க, சேவ்ங்கற பேச்சே இல்லாத இடம் உண்டு. ஒரு நாள் போட்டிக்கு அது சரி, ரெண்டு வருஷம் வளத்த கேரக்டருக்கு அது சரியில்ல.

இப்ப நான் எடுக்கற வழிக்கு வரேன், ஒரே நேரத்துல ரெண்டு மூணு இடத்துல வேலை வைக்கறது, அதுக்கு எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி ஒரு கடிகாரம் வைக்கறது.

ஒரு உதாரணம் போட்டே சொல்றேன். கோட்டை நகரம், ராத்திரி. மணிக்கூண்டு மேல ஒரு போர்ட்டல் திறந்திருக்கு, ரவுண்டுக்கு ரெண்டு டீமன் இறங்குது, மூட மூணு வெற்றிகரமான அர்க்கானா (மந்திர அறிவு) செக் வேணும், ஒவ்வொண்ணும் ஒரு முழு ஆக்‌ஷன். அதே சமயம் ஆத்துப் பாலத்துல ஊர் ஜனங்க ஓடிக்கிட்டிருக்காங்க, மேல அடல்ட் டிராகன் ஒண்ணு சுத்துது, மூச்சு ரீசார்ஜ் ஆக ஆக பாலத்துல ஒரு பகுதி எரிஞ்சு விழும், ஆறு பகுதி போனா பாலமே போச்சு. அரண்மனைக்குள்ள பட்டத்து இளவரசிய யாரோ மயக்கி சுரங்க வழியா கூட்டிட்டுப் போறாங்க, எட்டு ரவுண்ட்ல அந்தப் பக்கம் வெளிய போயிடுவாங்க. மூணும் ஒண்ணுக்கொண்ணு நல்ல தூரம். ஒரு பேப்பர்ல மூணு வரிசையா கட்டம் போட்டு டேபிள் நடுவுல வைங்க, ஒவ்வொரு ரவுண்டும் முடிய முடிய எல்லாரும் பாக்க கட்டத்த நிரப்புங்க, ஒளிச்சு வைக்காதீங்க.

என்ன நடக்குதுன்னு பாருங்க. நாலு பேரும் ஒரே இடத்துக்குப் போனா அந்த இடத்த ஊதிடுவாங்க, மத்த ரெண்டும் போயிடும். பிரிஞ்சா ஒவ்வொரு இடத்துலயும் ஒருத்தர் ரெண்டு பேர்தான், ஆக்‌ஷன் எகானமி தானா பாதியாகுது, எந்த ரூலையும் மாத்தாம எந்த நம்பரையும் ஏத்தாம. மேல போட்ட கணக்குல ஒரே ரவுண்ட்ல 198 வாங்கின அதே டிராகன் ரோக்கும் பாலடினும் மட்டும் எதிர்ல நின்னா நெஜமான டிராகனா மாறிடுது, அதுவும் அது வானத்துல இருக்கும்போது. டெலிபோர்ட்ட தடுக்க வேண்டிய அவசியமே இல்ல, தாராளமா போடட்டும், லெவல் 15 விசார்டுக்கு ஏழாம் லெவல் ஸ்லாட் ஒண்ணே ஒண்ணுதான், அத டெலிபோர்ட்டுக்குக் குடுத்தா ஃபோர்ஸ்கேஜ் கிடையாது, எட்டாம் லெவல் ஸ்லாட்ட அதுக்கு எடுத்தா அப்புறம் பெரிய அடிக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. தாண்டிப் போற பலம் பிரச்சனைய அழிக்காம, பிரச்சனைக்குள்ள ஒரு முடிவா மாறிடுது. இந்த ஒரு குணத்துக்காகவே நான் மத்த எல்லா வழியையும் விட இத மேல வைக்கறேன். பிளேயர் தன் கேரக்டரோட எல்லா பலத்தையும் காட்டலாம், காட்டியும் போதாம போகலாம், அந்தப் போதாமை யாரோட தப்பும் இல்ல.

தோல்விங்கறதும் இங்க சாவு இல்ல. ஹை லெவல்ல சாவு ஒரு செலவுக் கணக்குதான், ரிவிவிஃபைக்கு 300 கோல்டு மதிப்புள்ள வைரம், ரைஸ் டெட்டுக்கு 500, ட்ரூ ரெசரக்‌ஷனுக்கு 25,000. பணம் வச்சிருக்கற பார்ட்டிய சாவ காட்டி பயமுறுத்த முடியாது. ஆனா அந்தப் பாலம் போனா பாதி ஊரு அந்தக் கரையில மாட்டிக்கும், இளவரசி போனா அடுத்த மாசம் எதிரி நாட்டுக் கொடி பக்கத்துல அவங்க நிக்கறத பாக்க வேண்டியிருக்கும், இதுக்கெல்லாம் வைரம் கிடையாது. அதோட கேம்ப்பெயின் நிக்காம ஓடும், தோத்த இடத்துலேர்ந்தே அடுத்த கதை வரும், டிபிகே ஆகி (பார்ட்டி மொத்தமும் செத்து) கேரக்டர் ஷீட்ட கிழிச்சுப் போடற நிலைமை வராது.

இதுல நான் கவனமா இருக்கற சில விஷயம் உண்டு. மூணு இடத்துலயும் வேற வேற வகை வேலை இருக்கணும், மூணும் சண்டைன்னா வெறும் மூணு ஃபைட்தான், ஒண்ணு ஸ்கில், ஒண்ணு அடி, ஒண்ணு துரத்தல்னு இருந்தா எந்த ஆள் எங்க போறதுங்கறதே பத்து நிமிஷ வாக்குவாதமா ஆகும், அந்த வாக்குவாதம்தான் நல்ல செஷனோட அடையாளம். அப்புறம் மூணையும் காப்பாத்தறதுக்கு நீங்க ஒரு வழிய யோசிச்சு வைக்கக்கூடாது, ஆனா அவங்க கண்டுபிடிச்சா தடுக்கவும் கூடாது. போர்ட்டலயே ஆத்துப் பக்கம் திருப்பற ஏதாவது பைத்தியக்கார ஐடியா வந்தா வரட்டும், அது அவங்க சம்பாதிச்சது. பிரிஞ்சு போறத டைஸ் வரிசையில ஆடுங்க, ஒரே இனிஷியேட்டிவ் (டர்ன் வரிசை) லிஸ்ட்லயே எல்லா இடமும், ஒரு இடத்த முடிச்சுட்டு அடுத்த இடம்னு போனா மத்தவங்க அரை மணி நேரம் போன் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.

இந்த வழி எல்லா டேபிளுக்கும் ஆகாது, அதையும் சொல்லணும். வாரம் முழுக்க வேலை செஞ்சுட்டு வந்து நாலு அடி அடிச்சுட்டுப் போகணும்னு வர்றவங்க டேபிள்ல எப்பவும் கடிகாரம் ஓடிக்கிட்டே இருந்தா அது அவங்களுக்கு ஆஃபீஸ் மாதிரி ஆயிடும், அந்த டேபிளுக்கு கும்பலும், நல்ல இடத்துல வச்ச ஒரு பெரிய மான்ஸ்டரும் போதும். கடிகாரம் விரும்பற டேபிள்ல கூட ஒவ்வொரு அட்வென்ச்சருக்கும் வைக்காதீங்க, நடுவுல ஒண்ணு ரெண்டு ஃபைட் அவங்க வந்து நின்னாலே எதிரி ஓடற மாதிரி இருக்கணும், லெவல் 3ல அவங்கள அலற விட்ட ஓகர் கூட்டம் இப்ப ஆயுதத்த கீழ போடறத அவங்க பாக்கணும். பலம் வளந்துச்சுங்கறது அப்பதான் உணர்வா தெரியும், எல்லா எதிரியும் அவங்களோட சேந்தே வளந்துக்கிட்டிருந்தா லெவல் ஏறினதுக்கு அர்த்தமே இல்ல.

டைஸே இல்லாத சவாலும் ஒண்ணு இருக்கு, முடிவெடுக்க வைக்கறது. பழைய அட்வான்ஸ்டு டி அண்ட் டில ஃபைட்டர் லெவல் 9ல கோட்டை கட்டினா ஆளுங்க வந்து சேருவாங்க, 1984ல வந்த கம்பேனியன் செட்ல நிலம் ஆள்றதுக்கு தனி ரூலே இருந்துச்சு, அதாவது பலசாலி ஆன கேரக்டர் குகைக்குள்ள போறத நிறுத்திட்டு ஊர ஆள ஆரம்பிக்கணும்னு அப்பவே யோசிச்சிருக்காங்க. ரெண்டு நண்பர் நாடு சண்டை போட்டா யார் பக்கம் நிப்பீங்கங்கற கேள்விக்கு மீட்டியர் ஸ்வார்ம் ஸ்பெல் பதில் ஆகாது. என் வழியோட இது நல்லா சேரும், எந்த இடத்துக்குப் போறோம்ங்கறதே அரசியல் முடிவா ஆகும்போது. தனியா மட்டும் ஓட்டினா அடிக்க வந்தவங்க சலிச்சுடுவாங்க. கேம்ப்பெயினையே முடிச்சுட்டு லெவல் 1லேர்ந்து வேற கதை ஆரம்பிக்கறதும் ஒரு வழிதான், தேர்ட் எடிஷன் காலத்துல லெவல் 6லயே நிறுத்தி அதுக்கு மேல ஃபீட் மட்டும் குடுக்கற ஈ6னு ஒரு ஆட்ட முறை ரசிகர்கள் நடுவுல ஓடிச்சு. ஹை லெவல் ப்ரெப் (செஷனுக்கு முன்னாடி பண்ற தயாரிப்பு) உங்கள நெஜமாவே களைப்படைய வைக்குதுன்னா அத தயங்காம எடுங்க, கதை நல்ல இடத்துல இருக்கும்போதே முடிக்கறது நல்லது.

கடைசியா, பார்ட்டி மொத்தமும் இல்லாம ஒரே ஒரு கேரக்டர் மட்டும் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கற டேபிள். இதுக்கு மேல சொன்ன பாதி வழி நேர் எதிரா வேலை செய்யும். மான்ஸ்டர அவர் அளவுக்கு ஏத்தினா மத்த மூணு பேரும் ஒரு அடியில விழுவாங்க, அவரோட பலத்துக்குன்னே ஆன்டிமேஜிக் வச்சா அவர மட்டும் குறி வைக்கறீங்கன்னு அவருக்குத் தெரியும், தெரியணும்கூட. இங்க ரெண்டு விஷயம் பண்ணுவேன். ஒண்ணு, அடுத்து வர்ற நல்ல மேஜிக் ஐட்டம் எல்லாம் மத்த மூணு பேருக்கும் பொருந்தற மாதிரி வைப்பேன், கத்தி கேடயம்னு மட்டும் இல்லாம பறக்கற செருப்பு, ஒரு தடவ ஸ்பெல்ல திருப்பி அனுப்பற மோதிரம்னு அவங்களுக்கு இல்லாத வழிங்கள குடுக்கற பொருளா. இன்னொண்ணு, அந்த மூணு கட்ட வரிசைய இங்கயும் போடுவேன், அவர் போற இடத்துல அவர் ஜெயிக்கட்டும், ரெண்டாவது இடத்துல ரோக் தனியா பூட்டோட போராடிக்கிட்டிருக்கும்போது அவரால அங்க இருக்க முடியாது, அந்த இடத்தோட ஹீரோ ரோக்தான். அதுக்கும் சரியாகலன்னா அவரோட தனியா உக்காந்து பேசி, அந்த பில்டுல (கேரக்டர சேத்த விதம்) எந்தப் பகுதி அவருக்கு உண்மையிலயே பிடிக்கும்னு கேட்டு, அத மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த மாத்திக்கலாமான்னு பாப்பேன்.